பழைய 540-க்கு எந்த டீசல் இன்ஜின்? லே, ஸ்பிட்டி வரை போக வேண்டும்

பென்னாகரம் 540

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் மஹிந்திரா எம்எம் 540 ஜீப் ஒன்று இருக்கிறது. அப்பா காலத்து வண்டி. ஆர்சி, காப்பீடு இரண்டும் நடப்பில் உள்ளன. உள்ளே இருப்பது பழைய பெஜோ எக்ஸ்டிபி 4.90 டீசல் இன்ஜின். 2,112 சிசி, டர்போ கிடையாது, காகிதத்தில் 62 குதிரைத்திறன். அதில் எத்தனை குதிரை இப்போது உயிரோடு இருக்கின்றனவோ! காலையில் ஸ்டார்ட் செய்தால் கொட்டகை முழுக்க வெள்ளைப் புகை. ஒகேனக்கல்லில் இருந்து மேலே ஏறி வரும்போது பின்னால் வரும் டவுன் பஸ் ஹாரன் அடித்து மானத்தை வாங்குகிறது.

அடுத்த ஆண்டு இந்த வண்டியிலேயே வடக்கே போக ஆசை. மணாலி, ஸ்பிட்டி, லே, முடிந்தால் ஸன்ஸ்கார். நானும் தம்பியும் மட்டும். கூடாரம், அடுப்பு, 40 லிட்டர் தண்ணீர், டீசல் கேன், கருவிப் பெட்டி. வேகம் வேண்டாம். ஆள் இல்லாத இடத்தில் நின்றுவிடக் கூடாது, அவ்வளவுதான்.

மனதில் இருப்பவை மூன்று. பெஜோவையே போர் அடித்து, அதாவது தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து, புதுப்பிக்கலாம். மஹிந்திரா பிக்கப்பில் வரும் 2.5 லிட்டர் டிஐ டர்போ இன்ஜினை மாட்டலாம். இல்லையென்றால் ஸ்கார்ப்பியோவின் காமன் ரெயில் இன்ஜினை, அதாவது டீசல் தெளிப்பைக் கம்ப்யூட்டர் கட்டுப்படுத்தும் இன்ஜினை, இறக்கலாம். கம்ப்யூட்டர் இல்லாத இன்ஜின்தான் காட்டுக்கு ஏற்றது என்று கேட்கிற ஆளெல்லாம் சொல்கிறார்கள். அது உண்மையா?

நாலு சிலிண்டர் கனவு

கம்மின்ஸ் 4பிடி மாட்டுங்கள். 3.9 லிட்டர், முழுக்க மெக்கானிக்கல், ஆயுளுக்கும் ஓடும். வெளிநாட்டில் ஆஃப் ரோடு ஆட்கள் அதற்கு வரிசையில் நிற்கிறார்கள்.

பாலக்கோடு பட்டறை

நிற்கட்டும். அந்த இன்ஜின் 300 கிலோவுக்கு மேல். 540-இன் முன் கமான் பட்டை அதைத் தாங்காது. பெஜோவின் இழுவை (டார்க்) சுமார் 120 நியூட்டன் மீட்டர். அந்த அளவுக்காகச் செய்த கியர் பெட்டியில் இரண்டு மூன்று மடங்கை விட்டால் ஸ்பிட்டி வரை போக வேண்டாம், தொப்பூர் கணவாயிலேயே பல் உதிர்ந்துவிடும். பிறகு கியர் பெட்டி மாற்ற வேண்டும், அச்சு மாற்ற வேண்டும், பிரேக் மாற்ற வேண்டும். கடைசியில் 540-இல் மிச்சம் இருப்பது நம்பர் பிளேட் மட்டும்.

தம்பி, இன்ஜினைத் தேர்ந்தெடுக்கும் முன் ஒன்று கேட்கிறேன். வண்டி நின்றால் பானட்டைத் திறக்கப் போவது யார்? நீங்களா, அந்த ஊர் மெக்கானிக்கா? அதைச் சொல்லுங்கள், பிறகு பேசலாம்.

பென்னாகரம் 540

அண்ணா, எனக்கு ஃபில்டர் மாற்ற, டீசல் குழாயில் புகுந்த ஏரை எடுக்க, பெல்ட் மாற்றத் தெரியும். அதற்கு மேல் போனால் ஊர் மெக்கானிக்தான்.

ஓசூர் முதல் ஷிப்ட்

இன்ஜின் அசெம்பிளியில் வேலை பார்ப்பவன் என்பதால் கொஞ்சம் கணக்கோடு வருகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் உயரம். மணாலி–லே பாதையில் தங்லாங் லா 5,300 மீட்டரைத் தாண்டுகிறது. கர்துங் லா கிட்டத்தட்ட 5,360. அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதிதான். டர்போ இல்லாத இன்ஜினுக்குள் போகும் காற்றும் பாதியாகிவிடும். டீசல் பம்புக்கு இது தெரியாது. அது வழக்கம்போல் டீசலை ஊற்றும், எரிய ஆக்சிஜன் இருக்காது, பின்னால் கரும்புகை கிளம்பும். புதிதாகப் போர் அடித்த பெஜோவாக இருந்தாலும் 62 குதிரை அங்கே 30-ஐ ஒட்டி இறங்கிவிடும். இரண்டு பேர், கூடாரம், தண்ணீர், கேன் எல்லாவற்றையும் அந்த முப்பது இழுக்க வேண்டும். இழுக்காது என்று சொல்லவில்லை. லோ ரேஞ்சில், அதாவது வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் துணை கியரில், போட்டு நடை வேகத்தில் ஏறலாம், பலர் அப்படி ஏறியிருக்கிறார்கள். ஆனால் பின்னால் ராணுவ லாரி வரிசை வரும்போது அது சுகமான அனுபவம் அல்ல. டர்போ இருந்தால் மெல்லிய காற்றையும் அழுத்தி உள்ளே அனுப்பும். முழுதாக ஈடுகட்டாது, பெரும்பகுதியை மீட்டுத் தரும். ஆகவே லே போவதென்றால் டர்போ வேண்டும் என்பது என் முதல் முடிவு.

இரண்டாவது, குதிரைத்திறனைப் பார்த்து மயங்காதீர்கள். உதாரணத்துக்கு ஒரு வண்டியில் முதல் கியர் விகிதம் 4, டிஃபரன்ஷியல் (அச்சில் உள்ள கியர்) விகிதம் 4 என்று வையுங்கள். 300 நியூட்டன் மீட்டர் இன்ஜின் சாதாரண ரேஞ்சில் சக்கரத்துக்குத் தருவது 300 × 16, அதாவது 4,800. அதே வண்டியில் 180 தரும் இன்ஜினைப் போட்டு, 2.5 விகித லோ ரேஞ்சைச் சேர்த்தால் 180 × 40, அதாவது 7,200. தேய்மானத்தைக் கழித்தாலும் வித்தியாசம் பெரியது. பாறை ஏறுவது கியரின் வேலை. இன்ஜினிடம் நமக்கு வேண்டியது நிமிடத்துக்கு 1,500 சுற்றை ஒட்டியே இழுவை கிடைப்பது. 3,500 சுற்றில் எத்தனை குதிரை என்பது நான்கு வழிச் சாலையில் பஸ்ஸை முந்தும்போது மட்டும் உதவும்.

கம்ப்யூட்டர் இல்லாத இன்ஜின்தான் காட்டுக்கு ஏற்றது என்பது அரை உண்மை. மீதி அரையை இரவு எழுதுகிறேன், ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது.

நாலு சிலிண்டர் கனவு

டொயோட்டாவின் 1எச்இசட் டர்போ இல்லாத இன்ஜின்தானே? ஆப்பிரிக்கா முழுக்க அதுதானே ஓடுகிறது?

ஓசூர் முதல் ஷிப்ட்

அது 4.2 லிட்டர், ஆறு சிலிண்டர். பாதி போனாலும் மிச்சம் இருக்கும். நம்முடையது அதில் சரிபாதி. தவிர, 1எச்இசட் அங்கே பெயர் வாங்கியதற்கு அதன் மெக்கானிக்கல் பம்ப் மட்டும் காரணம் அல்ல, ஐ.நா. வண்டியிலிருந்து சுரங்க வண்டி வரை அதே இன்ஜின் என்பதால் அதன் பாகம் எந்தச் சந்தையிலும் கிடைக்கும். தர்மபுரியில் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்? ஒரு கேஸ்கெட்டுக்குத் துபாயில் சொந்தக்காரரைத் தேட வேண்டும்.

அஞ்செட்டி டீச்சர்

நானும் கணவரும் ஃபோர்ஸ் குர்கா ஜீப்பில் லடாக், கட்ச் இரண்டுக்கும் போய் வந்தவர்கள். ஓசூர் தம்பி சொன்ன கடைசி வரியைப் பிடித்துக்கொண்டு எழுதுகிறேன்.

குர்காவை நாங்கள் எடுத்ததற்குக் காரணம் உயரத்தில் இருந்து காற்றை எடுக்கும் அதன் ஸ்நார்க்கல் குழாயும் அல்ல, சக்கரங்களை ஒன்றாகச் சுழலவைக்கும், இரண்டு அச்சிலும் உள்ள டிஃபரன்ஷியல் லாக்கும் அல்ல. அதன் 2.6 லிட்டர் இன்ஜின் மெர்சிடிஸின் ஓஎம்616 வம்சத்தில் வந்தது. அதே குடும்பத்து இன்ஜின்தான் டெம்போ டிராவலரிலும் ஓடியது. மணாலியில் இருந்து லே வரை சுற்றுலாப் பயணிகளை ஏற்றிப்போகும் வண்டிகளைப் பாருங்கள், எத்தனை டிராவலர்! அந்த வழியில் கேலாங்கில் நிறுத்தி ஒரு பெல்ட் கேட்டபோது கடைக்காரர் வண்டியின் பெயரைக்கூடக் கேட்கவில்லை, இன்ஜினை ஒரு பார்வை பார்த்தார், எடுத்துக் கொடுத்தார்.

இன்னொன்று, டீசல். அதே வழியில் தாண்டி என்ற ஊரில் உள்ள பங்க்கில் "அடுத்த பங்க் 365 கிலோமீட்டர்" என்று எழுதிய பலகை ரொம்பப் பிரபலம், எல்லோரும் அதன் முன் நின்று படம் எடுப்பார்கள். எடுத்த கையோடு கேன்களையும் நிரப்புவார்கள். சிக்கல் கேனில்தான். வழியில் ஒரு கிராமத்தில் பீப்பாயில் வைத்து விற்ற டீசலை நாங்கள் வாங்கினோம், வேறு வழியில்லை. மறுநாள் ஏற்றத்தில் வண்டி திக்கியது. ஃபில்டரின் அடியில் உள்ள திருகைத் திறந்து கண்ணாடிப் பாட்டிலில் பிடித்தோம். மேலே டீசல் தெளிவாக நின்றது. அடியில் இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர். இரண்டுக்கும் நடுவில் பழுப்பு நிறத்தில் கொழகொழவென்று ஒரு படலம். அதை வடித்து, ஃபில்டரை மாற்றி, கைப் பம்பை அடித்து ஏர் எடுத்த பிறகு வண்டி கிளம்பியது. காமன் ரெயில் இன்ஜின்தான். கம்ப்யூட்டர் பழுதாகவில்லை. தண்ணீர், டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் வரை போயிருந்தால் கதை வேறு.

பாலக்கோடு பட்டறை

டீச்சர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. என் பட்டறைக்கு வரும் காமன் ரெயில் வண்டிகளில் பெரும்பாலானவை டீசல் அழுக்கால் வருபவைதான். மின்சாரப் பகுதியில் வந்தால் சென்சார், எலி கடித்த வயர், துருப்பிடித்த எர்த். இன்ஜின் கம்ப்யூட்டரான இசிஎம் பெட்டியே போவது அபூர்வம்.

மெக்கானிக்கல் டீசல் பம்பிலும் இரண்டு ஜாதி உண்டு, அதை யாரும் சொல்வதில்லை. லைன் பம்ப் தனக்கு வேண்டிய மசகு எண்ணெயை இன்ஜின் ஆயிலில் எடுத்துக்கொள்ளும், கொஞ்சம் மட்டமான டீசலையும் பொறுத்துப்போகும். ரோட்டரி பம்புக்கு உள்ளே ஓடும் டீசலே மசகு எண்ணெய். அதில் தண்ணீர் கலந்தால் மெக்கானிக்கல் என்று பெயர் இருப்பதால் அது பிழைத்துவிடாது. பிடித்துக்கொள்ளும், அவ்வளவுதான். பிறகு பம்பைக் கழற்றி, அதன் அளவைச் சரிசெய்யும் கேலிபரேஷன் மேசைக்குக் கொண்டுபோக வேண்டும். அந்த மேசை கிருஷ்ணகிரியில் இருக்கும், ஸன்ஸ்காரில் இருக்குமா?

இன்னொரு வேடிக்கை. பிக்கப் இன்ஜின் என்றால் எல்லோரும் பழைய மெக்கானிக்கல் டிஐ என்றே நினைக்கிறார்கள். அதே 2,523 சிசி இன்ஜினை எம்2டிஐசிஆர் என்று காமன் ரெயிலாக மாற்றி எத்தனையோ ஆண்டுகள் ஆகிவிட்டன. ராயக்கோட்டை மண்டிக்குத் தக்காளி ஏற்றிவரும் வண்டிகளைத் திறந்து பாருங்கள், பாதிக்கு மேல் காமன் ரெயில். மண் பாதையில், அதிக பாரத்தோடு, வாரம் முழுக்க ஓடுகின்றன. என்னிடம் வேலை கற்கும் பையன் ஸ்பேனரை எடுக்கும் முன் ஸ்கேனரை எடுக்கிறான். காட்டுக்கு ஆகாது என்று சொல்லும் பெரியவர்கள் பட்டறைப் பக்கம் வந்து நாளாகிவிட்டது.

மாங்காய் லோடு

சந்தூர் பக்கம் தோட்டத்தில் இருந்து லோடு ஏற்றுகிறேன். அண்ணன் சொல்வது நிஜம். ஆனால் என் வண்டி ஒருமுறை நடுவழியில் நின்றது, இன்ஜின் சுழற்சியைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் கிராங்க் சென்சார் போய்விட்டது. மெக்கானிக்கல் இன்ஜினாக இருந்தால் தள்ளி ஸ்டார்ட் செய்து வீட்டுக்கு வந்திருப்பேன்.

ஓசூர் முதல் ஷிப்ட்

அந்தச் சென்சார் கைக்குள் அடங்கும், ஒரே ஒரு போல்ட். உதிரி ஒன்றை டேஷ்போர்டில் வைத்துக்கொள்ளுங்கள். ப்ளூடூத் ஸ்கேனர் ஒன்றையும். எந்தச் சென்சார் என்று ஃபோனே சொல்லும். இதுதான் நான் எழுதுவதாகச் சொன்ன மீதி அரை.

உண்மையில் நடுக்காட்டில் பயப்பட வேண்டியது இன்ஜின் கம்ப்யூட்டரைப் பார்த்து அல்ல, புகைக்குழாயில் மாட்டியிருப்பதைப் பார்த்து. 2020 ஏப்ரல் முதல் வந்த, பிஎஸ்-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிக்கு உட்பட்ட டீசல் கார்களில் டிபிஎஃப் என்ற கரிவடிகட்டி இருக்கிறது. அதில் சேரும் கரியை எரிக்கச் சுமார் 600 டிகிரி சூடு வேண்டும். நெடுஞ்சாலையில் ஓடினால் தானாக எரிந்துவிடும். லோ ரேஞ்சில் நாள் முழுக்க ஊர்ந்தால் எரியாது. விளக்கு எரியும், பிறகு வண்டி தன் சக்தியைத் தானே குறைத்துக்கொள்ளும். விளக்கு வந்த உடனே ஒரு நல்ல சாலையில் 15, 20 நிமிடம் சீராக ஓட்டினால் பெரும்பாலும் சரியாகும். அந்த நல்ல சாலை கிடைப்பதுதான் நம் பிரச்சினை. சில பிஎஸ்-6 வண்டிகளுக்குப் புகையைச் சுத்தம் செய்யும் ஆட்புளூ திரவமும் ஊற்ற வேண்டும், அது மைனஸ் 11 டிகிரியில் உறையும்.

அஞ்செட்டி டீச்சர்

அதனால்தான் நாங்கள் முந்தைய பிஎஸ்-4 குர்காவையே விடாமல் வைத்திருக்கிறோம். புதியது 140 குதிரை என்கிறார்கள், ஓட்டியும் பார்த்தோம், அருமையாக இருக்கிறது. ஆனாலும் மனம் வரவில்லை.

ஆர்சி புத்தகம்

எல்லோரும் இன்ஜினை மாட்டி முடித்துவிட்டீர்கள். மாட்டலாமா என்று யாரும் கேட்கவில்லையே!

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52. தயாரிப்பாளர் கொடுத்த அசல் விவரத்திலிருந்து ஆர்சியில் உள்ளது மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்திச் சொல்லிவிட்டது. பழுதான இன்ஜினுக்குப் பதிலாக அதே வகை இன்ஜினை ஆர்டிஓ அனுமதியோடு போட்டு, எண்ணை ஆர்சியில் ஏற்றிக்கொள்ள வழி இருக்கிறது. 2,112 சிசி பெஜோ இருந்த இடத்தில் 120 குதிரை ஸ்கார்ப்பியோ இன்ஜினை உட்காரவைப்பது அந்த வழியில் வராது. 2019 திருத்தத்தின்படி அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறைத்தண்டனைக்கும் இடமுண்டு. அபராதத்தைக் கட்டிவிடலாம் என்பீர்கள். விபத்து நடந்தால்? காப்பீட்டு நிறுவனத்தின் சர்வேயர் முதலில் பார்ப்பது இன்ஜின் எண்ணையும் சேசிஸ் எண்ணையும்தான். எதிரே வந்தவருக்கு இழப்பீடு கொடுக்க நிலத்தை விற்றவர்களை எனக்குத் தெரியும்.

இன்னொன்றும் கேளுங்கள். நம் ஊர் வழியாகப் போகும் தேசிய நெடுஞ்சாலை 44-ஐப் பிடித்தால் நேரே ஸ்ரீநகர். வழியில் டெல்லி. 10 ஆண்டுக்கு மேற்பட்ட டீசல் வண்டிகள் தலைநகர் வட்டாரத்தில் ஓடக் கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் சொன்னதை 2018-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அந்த உத்தரவு அவ்வப்போது தளர்கிறது, இறுகுகிறது. கிளம்பும் வாரத்தில் நிலவரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். அப்பா காலத்து 540 என்றால் டெல்லி, குருகிராம், நொய்டா பக்கமே தலைவைக்காமல் ராஜஸ்தான் வழியாகச் சுற்றிப் போவது நிம்மதி.

நம் பக்கத்துக் காட்டில் ஒத்திகை பார்க்கலாம் என்று யாராவது சொல்வார்கள், அதையும் நம்பாதீர்கள். காவிரி வடக்கு சரணாலயத்தில் பொதுச் சாலையை விட்டு ஒரு சக்கரம் இறங்கினாலும் வனத்துறைக்குப் பதில் சொல்ல வேண்டும்.

நாலு சிலிண்டர் கனவு

எல்லோரும் மாற்றுகிறார்கள், யார் பிடிக்கிறார்கள்?

ஆர்சி புத்தகம்

பிடிபட்டவர்கள் இணையத்தில் எழுதுவதில்லை.

பென்னாகரம் 540

சரி, ஸ்கார்ப்பியோ இன்ஜின் யோசனையைக் கைவிட்டேன். இப்போது கேள்வி இப்படி நிற்கிறது. பெஜோவைப் புதுப்பித்து அதிலேயே மெதுவாகப் போவதா? இல்லை, 540-ஐத் தோட்டத்துக்கு வைத்துக்கொண்டு வடக்கே போக வேறு பழைய 4x4 வாங்குவதா? பட்ஜெட் பெரிதாக இல்லை. இன்ஜின் மாற்ற ஒதுக்கிய பணத்தோடு கொஞ்சம் கடன் வாங்கலாம்.

ஓசூர் முதல் ஷிப்ட்

பழைய மஹிந்திரா தார் ஜீப்பில் சிஆர்டிஇ, அதாவது காமன் ரெயில், பாருங்கள், 2020-க்கு முன் வந்தது. 2,498 சிசி, 105 குதிரை, 247 நியூட்டன் மீட்டர். 1,800 சுற்றிலேயே முழு இழுவை கிடைத்துவிடும். டர்போ உண்டு, டிபிஎஃப் தொல்லை கிடையாது, லோ ரேஞ்ச் உண்டு. 2015-க்குப் பிறகு வந்ததில் பின் அச்சில் மெக்கானிக்கல் டிஃபரன்ஷியல் லாக்கும் உண்டு. 2018, 2019 மாடலாக இருந்தால் டெல்லிக்கும் இன்னும் வயதாகவில்லை. அதே காலத்துத் தார் டிஐ விலை குறைவு, மெக்கானிக்கல் பம்ப். ஆனால் 63 குதிரை, நான்கு வழிச் சாலையில் நாக்பூர் வருவதற்குள் உங்களுக்கு முதுகு போய்விடும். இருக்கை இரண்டிலும் மோசம், அதை முன்பே சொல்லிவிடுகிறேன்.

இசுஸு வி-கிராஸ் 2.5 கிடைத்தாலும் விடாதீர்கள். பின்னால் சாமான் வைக்க இடம் தாராளம். ஆனால் நீளம் அதிகம், ஒடுக்கமான கொண்டை ஊசி வளைவில் இரண்டு முறை ஒடிக்க வேண்டும்.

பாலக்கோடு பட்டறை

தார் பார்க்கப் போனால் பகலில் போகாதீர்கள், விடியற்காலையில் போங்கள். வண்டி குளிர்ந்திருக்க வேண்டும். போவதற்கு முன் "ஸ்டார்ட் செய்து வைக்காதீர்கள்" என்று சொல்லிவிட்டுப் போங்கள், சொன்ன பிறகும் பானட்டைத் தொட்டுப் பாருங்கள். ஸ்டார்ட் ஆனதும் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து கையை மேலே பிடியுங்கள். லேசாக மூச்சு வரலாம், புகை குப்பென்று அடித்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. இன்ஜெக்டரில் மிஞ்சும் டீசலைத் திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் குழாய்கள் நான்கையும் நான்கு சிறிய பாட்டிலில் விட்டுச் சில நிமிடம் ஓடவிடுங்கள். நான்கிலும் டீசல் ஏறக்குறைய ஒரே மட்டத்துக்கு ஏற வேண்டும். ஒன்றில் மட்டும் நிரம்பி வழிந்தால் அந்த இன்ஜெக்டர் போய்விட்டது. விலையில் குறையுங்கள், இல்லையென்றால் நடையைக் கட்டுங்கள். டர்போ குழாயைக் கழற்றி உள்ளே விரலைவிட்டால் தண்டு மேலும் கீழும் ஆடக் கூடாது. லோ ரேஞ்ச் லீவரை விற்பவரையே போடச் சொல்லுங்கள். பல வண்டிகளில் வாங்கிய நாளில் இருந்து அதைப் போட்டதே இல்லை, இறுகிப்போயிருக்கும்.

வாங்கிய பிறகு பணத்தை லைட்டிலும் பம்பரிலும் போடாதீர்கள். தண்ணீரைப் பிரிக்கும் வடிகட்டி ஒன்றைக் கூடுதலாகச் சேர்க்கலாம். ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து புது மூடி போடுங்கள். ஐயாயிரம் மீட்டருக்கு மேல் தண்ணீர் 83 டிகிரிக்கே கொதித்துவிடும்; அழுத்தம் பிடிக்கிற மூடியும் சரியான கூலண்டும்தான் அதைத் தடுக்கின்றன. குழாய்த் தண்ணீரை ஊற்றிக்கொண்டு, மூடி ரப்பர் கிழிந்த வண்டியோடு மலை ஏறுகிறவர்கள்தான் இன்ஜின் சரியில்லை என்று புலம்புகிறார்கள்.

அஞ்செட்டி டீச்சர்

பாட்டில் சோதனை அருமை அண்ணா, குறித்துக்கொண்டேன். டீசல் ஃபில்டர் இரண்டு கூடுதலாக எடுத்துப் போங்கள் தம்பி. கேனில் இருந்து ஊற்றும்போது மெல்லிய வலை வைத்த புனல் கட்டாயம். அடியில் உள்ள கடைசி அரை லிட்டரை டேங்குக்குள் விடாதீர்கள், அடுப்புப் பற்றவைக்கக்கூட உதவாது.

மாங்காய் லோடு

540-ஐ விற்றுவிடாதீர்கள். கோட்டூர் மலைக்குத் தேர்தல் நேரத்தில் கழுதை மேல் வாக்கு இயந்திரம் ஏற்றிப் போன ஊர் நம்முடையது. இங்கேயே அந்த வண்டிக்கு வேலை இருக்கிறது.

பென்னாகரம் 540

விற்கவில்லை. தார் சிஆர்டிஇ தேட ஆரம்பித்துவிட்டேன். ஓசூரில் ஒன்று, சேலத்தில் ஒன்று விளம்பரத்தில் இருக்கின்றன. பெஜோவுக்கு இப்போது என்ன செய்யலாம் அண்ணா? தோட்டத்து வேலைக்கு ஓடினால் போதும். முழுதாகப் போர் அடிக்க வேண்டுமா?

பாலக்கோடு பட்டறை

வெள்ளைப் புகை காலையில் மட்டும் வந்து, சூடான பிறகு நின்றுவிடுகிறதா? அப்படியென்றால் போர் அடிக்க அவசரப்பட வேண்டாம். அது டீசல் முதலில் ஒரு சிறிய முன்னறையில் எரியும் இன்ஜின், அந்த அறையைச் சூடாக்கும் குளோ பிளக் சரியாக இல்லாவிட்டால் குளிரில் எரியாத டீசல்தான் வெள்ளையாக வெளியே வரும். நான்கையும் கழற்றி, பேட்டரியில் ஒவ்வொன்றாக வைத்துப் பாருங்கள். சில நொடியில் முனை செக்கச் சிவக்க வேண்டும். சிவக்காததை மாற்றுங்கள். டீசலைத் தெளிக்கும் நாசில் நான்கையும் டெஸ்டரில் மாட்டி லீவரை அழுத்தினால் புகை மாதிரி பூவாகத் தெளிக்க வேண்டும், முனையில் சொட்டக் கூடாது. கூலண்ட் மட்டம் குறைகிறதா என்பதையும் ஒரு வாரம் பாருங்கள். குறைந்தால் ஹெட் கேஸ்கெட் போயிருக்கிறது. ஆயிலும் குடிக்கிறதா? அதை நீங்கள் எழுதவே இல்லையே.

பென்னாகரம் 540

ஆயில் கொஞ்சம் குறைகிறது. தரையில் சொட்டும் இருக்கிறது, அதனால் எவ்வளவு எரிகிறது, எவ்வளவு ஒழுகுகிறது என்று பிரிக்க முடியவில்லை. புகை சூடானதும் நின்றுவிடுகிறது.

பாலக்கோடு பட்டறை

அப்படியென்றால் முதலில் சிலிண்டருக்குள் கம்ப்ரஷன் (அழுத்தம்) எவ்வளவு என்று பார்ப்போம். வியாழக்கிழமை வண்டியை ஓட்டியே கொண்டுவாருங்கள், லாரியில் ஏற்ற வேண்டாம். வரும் வழியில் இன்ஜினைக் கழுவாதீர்கள்; ஒழுகும் இடம் அழுக்கோடு இருந்தால்தான் எனக்குத் தெரியும். சேலத்து வண்டியைப் பார்க்கப் போகும்போது சொல்லுங்கள், பையனை ஸ்கேனரோடு அனுப்புகிறேன்.